முதல் சீசன் நம்பரை வெச்சு ஒரு குவாட்டர்பேக்கை நியாயமா எடை போடறது எப்படி? பேனா பேப்பரோட செய்முறை

அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தை எறியற ஆள் தான் குவாட்டர்பேக். அப்படி ரெண்டு பேரோட முதல் சீசன் நம்பரை தரேன், பேரை சொல்லல, படிச்சுட்டு யார் பெட்டர்னு சொல்லுங்க. முதல் ஆள் 320 பாஸ் போட்டு 169 நம்மாளு கைக்கு சேர்ந்துச்சு, அதாவது 52.8 சதவீதம், 10 டச்டவுன் (பந்து எதிராளி எல்லைக்கோட்டை தாண்டி பாயிண்ட் ஆன பாஸ்), 12 இன்டர்செப்ஷன் (எதிராளி பிடிச்ச பாஸ்). ரெண்டாவது ஆள் 393 பாஸ்ல 217, அதாவது 55.2 சதவீதம், 11 டச்டவுன், 14 இன்டர்செப்ஷன். எறியற ஆளுக்கு போடற மார்க்கான பாசர் ரேட்டிங் பாத்தா முதல் ஆளுக்கு 67.9, ரெண்டாவது ஆளுக்கு 66.7. கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைங்க மாதிரி.

ரெண்டு பேரும் 2018 ட்ராஃப்ட்ல (காலேஜ் ப்ளேயர்களை டீம்கள் வரிசையா எடுக்கற நிகழ்ச்சி) முதல் ரவுண்ட்ல வந்தவங்க. முதல் ஆள் பஃபலோ பில்ஸ் 7-வதா எடுத்த ஜாஷ் ஆலன், 2024 சீசனுக்கு என்எஃப்எல்லோட (அமெரிக்காவோட ப்ரோ ஃபுட்பால் லீக்) எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த ப்ளேயர். ரெண்டாவது ஆள் அரிசோனா கார்டினல்ஸ் 10-வதா எடுத்த ஜாஷ் ரோசன், அவரை ஒரே வருஷத்துல டீம் கைகழுவிடுச்சு. இந்த ரெண்டு வரியும் ஏன் ஒரே மாதிரி இருந்துச்சு, இதுல எதை பாத்திருக்கணும், எதை பாத்தும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, அதை தான் படிப்படியா சொல்லப் போறேன். இருபத்தோரு இருபத்திரண்டு வயசு பையனை நாலு மேட்ச் பாத்துட்டு "வேஸ்ட்டு"ன்னு முத்திரை குத்தறதை பாத்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், அதுக்காக தான் இதை எழுதறேன்.

ஆட்டமே தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒரு டீமுக்கு 4 சான்ஸ், அதுக்குள்ள 10 யார்ட் நகரணும், நகர்ந்தா மறுபடி 4 சான்ஸ். ஒவ்வொரு சான்ஸுக்கும் டவுன்னு பேரு. பந்து முதல்ல குவாட்டர்பேக் கைக்கு வரும், அவர் தூக்கி எறியலாம், இன்னொருத்தர் கையில குடுக்கலாம், இல்ல தானே ஓடலாம். எறிஞ்சதை நம்மாளு பிடிச்சா கம்ப்ளீஷன், எதிராளி பிடிச்சா இன்டர்செப்ஷன், எறியறதுக்கு முன்னாடியே அவரை அமுக்கிட்டா சாக்.

ஸ்டெப் 1: மொத்தத்தை விடுங்க, வகுத்துப் பாருங்க

ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் சைட்ல எல்லா ப்ளேயரோட நம்பரும் ஃப்ரீயா கிடைக்கும். அங்க போய் எத்தனை பாஸ், எத்தனை சேர்ந்துச்சு, யார்ட், டச்டவுன், இன்டர்செப்ஷன், எத்தனை சாக், சாக்ல போன யார்ட், இந்த ஏழையும் ஒரு நோட்ல எழுதிக்கோங்க. மொத்த யார்ட்டை வெச்சு யாரையும் ஒப்பிடாதீங்க, ஏன்னா தோத்துக்கிட்டே இருக்கற டீம் கடைசி குவார்ட்டர் முழுக்க எறிஞ்சுக்கிட்டே இருக்கும், யார்ட் தானா ஏறும். ஒரு பாஸுக்கு எத்தனை யார்ட்னு பாருங்க. அதே 2018-ல முதல் ஆளா எடுத்த பேக்கர் மேஃபீல்ட் 486 பாஸ்ல 3,725 யார்ட், அதாவது பாஸுக்கு 7.7. ஆலன் 2,074 யார்ட், பாஸுக்கு 6.5. ரோசன் 2,278 யார்ட், பாஸுக்கு 5.8 தான். மொத்தத்துல ஆலனை விட ரோசன் அதிகம், வகுத்தா கம்மி, கவனிச்சீங்களா.

ஸ்டெப் 2: பாசர் ரேட்டிங்கை ஒரு தடவையாவது கையால போடுங்க

டிவில காட்டற அந்த 67.9 எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா தான் அது எதை பாக்குது, எதை பாக்கலன்னு புரியும். 1973-லிருந்து என்எஃப்எல் இதை தான் யூஸ் பண்ணுது. நாலு துண்டு இருக்கு, ஆலனோட 2018-ஐ வெச்சே போடலாம்.

கம்ப்ளீஷன் விகிதம் 0.528, அதுல 0.3 கழிச்சு 5 ஆல பெருக்கினா 1.141.
பாஸுக்கு 6.48 யார்ட், 3 கழிச்சு 0.25 ஆல பெருக்கினா 0.870.
10 டச்டவுனை 320 ஆல வகுத்து 20 ஆல பெருக்கினா 0.625.
12 இன்டர்செப்ஷனை 320 ஆல வகுத்து 25 ஆல பெருக்கினா 0.9375, அதை 2.375-லிருந்து கழிச்சா 1.4375.

எந்த துண்டும் 0-க்கு கீழயும் போகக் கூடாது, 2.375-க்கு மேலயும் போகக் கூடாது. நாலையும் கூட்டி 6 ஆல வகுத்து 100 ஆல பெருக்கினா 67.9 வந்துடும். நாலு துண்டும் உச்சத்துல இருந்தா 158.3, அதுக்கு மேல யாரும் போக முடியாது.

இப்ப ஃபார்முலாவை இன்னொரு தடவை பாருங்க. சாக் எங்கயும் இல்ல. ஓடுன யார்ட் இல்ல, கையிலிருந்து நழுவ விட்ட பந்து இல்ல. ரிசீவரோட (பாஸை பிடிக்கற நம்மாளோட) ரெண்டு கையிலயும் நேரா போய் பட்டு, மேல எகிறி, எதிராளி நெஞ்சுல விழுந்த பந்தும், மூணு பேர் நடுவுல கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்ச பந்தும் இதுக்கு ஒரே இன்டர்செப்ஷன் தான்.

ஸ்டெப் 3: சாக்கை உள்ள கொண்டு வாங்க

இதுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கு, அட்ஜஸ்டட் நெட் யார்ட்ஸ் பெர் அட்டெம்ப்ட்னு பேரு, பேர் தான் பெருசு. யார்ட்டோட ஒரு டச்டவுனுக்கு 20 கூட்டுங்க, ஒரு இன்டர்செப்ஷனுக்கு 45 கழிங்க, சாக்ல போன யார்ட்டையும் கழிங்க, வந்ததை பாஸும் சாக்கும் சேந்த எண்ணிக்கையால வகுத்துடுங்க.

ஆலன் 2018: 2,074 + 200 − 540 − 213 = 1,521, அதை 348 ஆல வகுத்தா 4.37. 2019-ல இதே கணக்கு 5.71. 2020-ல 7.82. மூணு வருஷத்தை பக்கத்துல பக்கத்துல எழுதி பாருங்க, படிக்கட்டு மாதிரி ஏறுது. ரேட்டிங்கும் 67.9, 85.3, 107.2-ன்னு ஏறுச்சு. சின்ன வயசு ப்ளேயருக்கு ஒரு வருஷத்து நம்பரை விட இந்த ஏற்றம் தான் எனக்கு முக்கியம்.

சாக் யார் தப்புன்னு கேட்டீங்கன்னா, அது ரெண்டு பக்கமும் இருக்கு. 2002-ல புதுசா ஆரம்பிச்ச ஹூஸ்டன் டெக்ஸன்ஸ்ல டேவிட் கார்னு ஒரு ரூக்கி (முதல் வருஷ ப்ளேயர்), அந்த ஒரே சீசன்ல 76 தடவை சாக் ஆனார், அது இன்னைக்கும் ரெக்கார்ட். புத்தம் புது டீம், முன்னாடி நின்னு தடுக்கற லைனே சரியா இல்ல, அந்த பையன் என்ன பண்ணுவான். ஆனா பந்தை கையிலயே வெச்சுக்கிட்டு நிக்கறதும் சாக்குக்கு பெரிய காரணம், அது குவாட்டர்பேக் பழக்கம். அதனால சாக் எண்ணிக்கையை மட்டும் பாக்காம, மேட்ச் பாக்கறப்ப பந்து கைக்கு வந்ததிலிருந்து மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க. ரெண்டு எண்றதுக்குள்ள ஆள் மேல விழுந்துட்டா அது லைன். நாலு வரைக்கும் எண்ணிட்டீங்கன்னா அது இவரு. ஒரு மேட்ச் இப்படி எண்ணி பாத்துட்டீங்கன்னா அப்புறம் பழகிடும்.

ஸ்டெப் 4: கால் கணக்கு

இங்க தான் அந்த இரட்டைப் பிள்ளைங்க பிரியறாங்க. 2018-ல ஆலன் ஓடியே 631 யார்ட், 8 டச்டவுன். ரோசன் 138 யார்ட். ரேட்டிங்ல இது ஒரு புள்ளி கூட ஏத்தாது. அதே வருஷம் 32-வதா வந்த லமார் ஜாக்சன் 170 பாஸ் தான் போட்டார், ரேட்டிங் 84.5, ஆனா ஓடுனது 695 யார்ட். அடுத்த வருஷமே எம்விபி. பாஸ் நம்பரை மட்டும் பாத்தவங்களுக்கு இவர் பாதி தான் தெரிஞ்சிருப்பார்.

ஸ்டெப் 5: காலத்தை பாருங்க

பின்னாடி பெரிய குவாட்டர்பேக்கா ஆன பேட்டன் மேனிங் 1998-ல இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு ஆடுன முதல் சீசன்ல 28 இன்டர்செப்ஷன், ரூக்கி ரெக்கார்ட், டீம் 3 ஜெயிச்சு 13 தோத்துச்சு. ரேட்டிங் 71.2. இதை சொல்லி "மேனிங்கே ஆரம்பத்துல மோசம் தான், இவனும் சரியாயிடுவான்"னு நிறைய பேர் ஆறுதல் சொல்வாங்க. ஆனா 1998-ல லீக் சராசரி ரேட்டிங்கே 78 பக்கம் தான், கம்ப்ளீஷன் சராசரி 57 பக்கம், மேனிங் 56.7, அதாவது கிட்டத்தட்ட சராசரி. சாக் வெறும் 22. 2018-ல லீக் சராசரி 93 பக்கம், ஆலன் அதுக்கு 25 கீழ. அப்ப மேனிங்கோட பள்ளமும் ஆலனோட பள்ளமும் ஒண்ணு இல்ல. எந்த நம்பரா இருந்தாலும் அந்த வருஷத்து சராசரியை பக்கத்துல எழுதி, வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்க.

ஸ்டெப் 6: நேரம் பாத்து மார்க் போடுங்க

மூணாவது டவுன், இன்னும் 8 யார்ட் வேணும். பையன் பயந்துட்டு பக்கத்துல நிக்கறவருக்கு சின்னதா ஒரு பாஸ், 5 யார்ட், அங்கயே விழுந்துட்டார். கம்ப்ளீஷன் சதவீதம் ஏறுச்சு, ரேட்டிங்ல அடி இல்ல, ஆனா டீம் பந்தை உதைச்சு எதிராளிகிட்ட குடுத்துட்டு வெளிய வந்துடுச்சு. அதே 5 யார்ட் பாஸ் மூணாவது டவுன்ல 2 யார்ட் வேணும்கறப்ப வந்திருந்தா தங்கம்.

இதை பிடிக்கத்தான் இபிஏன்னு (எக்ஸ்பெக்டட் பாயிண்ட்ஸ் ஆடட்) ஒரு கணக்கு வந்துச்சு, ஒவ்வொரு டவுனுக்கும் முன்னாடி டீம் சராசரியா எத்தனை பாயிண்ட் எடுக்கும்னு ஒரு மதிப்பு, முடிஞ்சப்பறம் ஒரு மதிப்பு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். கம்ப்யூட்டர் இல்லாமலே இதுக்கு கிட்ட வரலாம்: முதல் டவுன்ல தேவையானதுல 40 சதவீதம், ரெண்டாவதுல 60, மூணாவது நாலாவதுல முழுசும் கிடைச்சா டிக், இல்லன்னா இன்ட்டு. சாக்குக்கும் அவர் ஓட்டத்துக்கும் சேத்து போடுங்க. மேட்ச் முடிஞ்சதும் டிக்கை எண்ணி மொத்தத்தால வகுங்க. டிவி சொல்ற ரேட்டிங்குக்கும் உங்க டிக் கணக்குக்கும் எவ்வளவு தூரம் இருக்குன்னு பாத்தா அசந்துடுவீங்க.

ஸ்டெப் 7: சுத்தி யார் இருந்தாங்க

இது தான் எனக்கு மனசு அடிச்சுக்கற இடம், கொஞ்சம் நீளமா சொல்றேன். ஆலனுக்கு 2018-லிருந்து 2021 வரைக்கும் ஷான் மெக்டெர்மட் தான் ஹெட் கோச், ப்ரையன் டேபால் தான் அஃபென்ஸ் (பந்து நம்ம கையில இருக்கறப்ப ஆடற ஆட்டம்) பாத்துக்கிட்டார், ஆள் மாறவே இல்ல. 2019-க்கு ஜான் ப்ரவுன், கோல் பீஸ்லின்னு ரெண்டு ரிசீவர், தடுக்கற லைன் நடுவுல நிக்க மிட்ச் மோர்ஸ். 2020-ல ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார், அந்த வருஷம் 127 கேட்ச், 1,535 யார்ட், ரெண்டுலயும் லீக்ல முதலிடம். ஆலன் கம்ப்ளீஷன் 58.8-லிருந்து 69.2-க்கு தாவுச்சு.

ரோசனுக்கு என்ன கிடைச்சுது? அஃபென்ஸ் பாத்துக்கிட்ட மைக் மெக்காயை சீசன் நடுவுலயே தூக்கிட்டு பைரன் லெஃப்ட்விச்சை போட்டாங்க. சீசன் முடிஞ்சதும் ஹெட் கோச் ஸ்டீவ் வில்க்ஸையும் அனுப்பிட்டாங்க. அந்த ஒரு வருஷத்துல ரோசன் 45 தடவை சாக் ஆனார். அடுத்து கிளிஃப் கிங்ஸ்பரி வந்தார், 2019 ட்ராஃப்ட்ல முதல் ஆளா கைலர் மரேயை எடுத்தாங்க, ரோசனை மயாமிக்கு அனுப்பிட்டாங்க. ஒரே பாடத்தை ரெண்டு வருஷம் தொடர்ந்து படிக்க அந்த பையனுக்கு வாய்ப்பே வரல.

அதுக்காக ரோசனை பஃபலோல போட்டிருந்தா அவரும் எம்விபி ஆயிருப்பார்னு நான் சொல்லல. ஆலனோட தோள் பலமும் கால் பலமும் அவரோடது, வேற யாரும் குடுத்தது இல்ல. ஆனா 69.2-ல டிக்ஸ் எவ்வளவு, ஆலன் எவ்வளவுன்னு துல்லியமா பிரிக்க எந்த ஃபார்முலாவும் இல்ல, அதனால நோட்ல கோச் பேர், முக்கிய ரிசீவர் பேர், எத்தனை தடவை மாறுனாங்கன்னு ஒரு தனி கட்டம் போட்டு எழுதியே தீரணும். அதே ட்ராஃப்ட்ல 3-வதா வந்த சாம் டார்னால்ட் 2018-ல நியூயார்க் ஜெட்ஸ்ல 77.6 ரேட்டிங், 2024-ல மினசோட்டா வைக்கிங்ஸ்ல 35 டச்டவுன், 102.5. நடுவுல ஆறு வருஷம் "முடிஞ்சுது கதை"ன்னு சொன்னவங்க எத்தனை பேர்.

ஸ்டெப் 8: அதிர்ஷ்டத்துக்கு இடம் விடுங்க

கம்ப்ளீஷன் விகிதத்தை எடுத்து, 1-லிருந்து அதை கழிச்சதோட பெருக்கி, பாஸ் எண்ணிக்கையால வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. அதை ரெண்டால பெருக்குங்க, அது தான் ஆட்டத்தோட நடுக்கம். ஒரே மேட்ச்ல 30 பாஸ், 60 சதவீதம்னா நடுக்கம் 18 பாயிண்ட் பக்கம், அதாவது உண்மையான திறமை 42-லயும் இருக்கலாம் 78-லயும் இருக்கலாம். ஒரு மேட்ச் பாத்துட்டு தீர்ப்பு சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சறதுக்கு இது தான் காரணம். ஆலனோட 320 பாஸுக்கு போட்டா ஏறக்குறைய 47-லிருந்து 58 வரைக்கும் வரும். அந்த வருஷ லீக் சராசரி 65 பக்கம், அதை எட்டவே இல்ல. அப்ப 2018-ல ஆலன் குறி சரியில்லன்னு நம்பர் சொன்னது அநியாயம் இல்ல, அது உண்மை. அந்த உண்மை 2018-க்கு மட்டும் தான், 2020-க்கு செல்லாது.

ஸ்டெப் 9: தீர்ப்பை வாக்கியமா எழுதுங்க

ஒரே நம்பர்ல முடிக்காதீங்க. 2018 டிசம்பர்ல உக்காந்து நான் எழுதியிருந்தா ஆலனுக்கு இப்படி எழுதியிருப்பேன்: "குறி லீக் சராசரிக்கு ரொம்ப கீழ, இது அதிர்ஷ்டம் இல்ல. காலால பெரிய லாபம். கடைசி மேட்ச்ல மயாமிக்கு எதிரா 5 டச்டவுன், 42-17, ஆனா அது ஒரு மேட்ச். ரிசீவர் பலவீனம். கோச் மாறல. 2019 சீசன் முடிஞ்சதும் கம்ப்ளீஷனையும் சாக்கையும் மறுபடி பாக்கணும்."

ரோசனுக்கு: "பாஸுக்கு 5.8 யார்ட், ரொம்ப கம்மி. ஓட்டம் இல்ல. 45 சாக், லைன் எவ்வளவு, இவர் எவ்வளவுன்னு வீடியோ பாத்து எண்ணணும். அஃபென்ஸ் பாத்துக்கிட்டவர் நடுவுல மாறிட்டார். நம்பிக்கை கம்மி, ஆனா உறுதியா சொல்ல டேட்டா பத்தாது. இதே டீம்ல இன்னொரு வருஷம் பாக்கணும்."

அந்த கடைசி வரிக்கு டிக் போட வாய்ப்பே கிடைக்கல. மயாமில அவருக்கு 2019-ல 3 ஸ்டார்ட் (ஆரம்பத்துலிருந்தே ஆடற மேட்ச்) தான் கிடைச்சுது.