கொறங்காட்டுப் புல்லுக்குக் கம்போஸ்ட் டீ: காய்ச்சுவதும் தெளிப்பதும்

கம்போஸ்ட் டீ என்பது மக்கு உரத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டு, காற்று ஊதி எடுக்கும் சாறு; காய்ச்சுவது என்று சொன்னாலும் அடுப்பு வேண்டாம். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காடுகளில், இதைத் தெளிக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 200 லிட்டர் டிரம்முக்கு 6 கிலோ மக்கு உரம் போடுகிறோம். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு சதவீதம் என்று வைத்தால் மொத்தமே 60 கிராம். அதிலும் தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான். ஒரு காங்கேயம் மாடு நாளைக்கு ஏழெட்டுக் கிலோ உலர்ந்த புல் தின்றால் 70, 80 கிராம் தழைச்சத்து உள்ளே போகிறது. பெரும்பகுதி சாணமும் மூத்திரமுமாக அதே காட்டில் விழுந்துவிடுகிறது. ஆகவே இது உரமல்ல. நுண்ணுயிர்களை மண்ணில் விடும் வேலை மட்டுமே. புல் ஓய்வில்லாமல் மேய்ந்து மொட்டையாகிக் கிடக்கும் காட்டில் டிரம் டிரம்மாக ஊற்றினாலும் பயனில்லை.

மக்கு உரம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே 15 நாளில் ஐந்து முறையாவது புரட்டியிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரி. சூடேறாத எருக்குழிச் சாணத்தில் குடற்புழு முட்டையும் நோய்க்கிருமியும் உயிரோடு இருக்கும், அவை நேரே மாடு தின்னும் இலைக்குப் போய்ச் சேரும். பச்சைச் சாணம் கரைக்கும் ஜீவாமிர்தத்தை மேய்ச்சல் புல் மேல் தெளிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அது பாசன நீரோடு மண்ணுக்குப் போக வேண்டிய சரக்கு. குவியல் ஆறியபின் இரண்டு மூன்று மாதம் முதிர விடுங்கள். கையில் எடுத்தால் மழை விழுந்த மண் வாசம் வர வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்குச் சிக்கல் உண்டு. உப்பு கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். பண்ணைக்குட்டை நீரோ பிடித்து வைத்த மழைநீரோ நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு இரவு காற்றுப் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, மறுநாள் உரத்தைப் போடுங்கள்.

மீன்தொட்டி பம்ப் ஒரு வாளிக்குத்தான் ஆகும். 200 லிட்டருக்கு நிமிடத்துக்கு 80 முதல் 100 லிட்டர் காற்று தள்ளும் பம்ப் தேவை. முக்கால் அங்குல பிவிசி குழாயை வளையமாக்கி, 2 மில்லிமீட்டர் துளைகள் போட்டு அடியில் இறக்குங்கள். தண்ணீர் முழுக்கப் புரண்டு கொதிப்பதுபோல் தெரிய வேண்டும். ஒரு மூலை அசையாமல் நின்றால் கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

டிரம்மில் 180 லிட்டர் தண்ணீர் விட்டு, 6 கிலோ உரத்தை நைலான் வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பை பாதிக்கு மேல் நிறையக் கூடாது, தண்ணீர் உள்ளே புகுந்து வர இடம் வேண்டும். நாட்டுச் சர்க்கரை போடுவதானால் 200 கிராமுக்கு மேல் வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் நல்லா நுரைக்கும்’ என்று கிலோக் கணக்கில் கொட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இனிப்பு கூடினால் பாக்டீரியா ஒரேயடியாகப் பெருகிக் காற்றைத் தின்று தீர்க்கும், உரத்தில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா மிச்சமிருந்தால் அதுவும் சேர்ந்து பெருகும். நுரையை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது. சர்க்கரையே போடாமல் காய்ச்சினாலும் குறையொன்றும் இல்லை.

நிழலில் 24 மணி நேரம் ஓடினால் போதும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 35 டிகிரியில் 7தான். கோடை மழைக்குப் பின் காய்ச்சும்போது 18 மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும், இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை. நின்று போய்ப் புளித்த நெடியோ முட்டை அழுகிய நாற்றமோ வந்தால் புல்லுக்குக் கொண்டு போகாதீர்கள். மக்குக் குவியலில் ஊற்றிவிடுங்கள்.

பம்ப்பை நிறுத்திய நான்கு மணி நேரத்துக்குள் தெளித்து முடிக்க வேண்டும். ஒரு டிரம் ஒரு ஏக்கருக்கு. அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரைத் தொடவே வேண்டாம். நாசிலில் உள்ள நுண்வடிகட்டியை எடுத்துவிட்டுப் பெரிய துளை நாசில் போடுங்கள், இல்லையேல் பத்தடிக்கு ஒருமுறை அடைக்கும். அழுத்தம் 4 பாருக்குள் இருக்கட்டும்.

எப்போது தெளிக்கிறோம் என்பதே முக்கால் வெற்றி. காய்ந்த மண்ணில், உச்சி வெயிலில் விழுந்த நுண்ணுயிர் பிழைக்காது. சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கு ஒன்று, ஐப்பசி முதல் நல்ல மழைக்கு ஒன்று: ஆண்டுக்கு இந்த இரண்டு போதும். மழை விட்ட இரண்டு நாளுக்குள், விரல் ஆழத்துக்கு ஈரம் இருக்கும்போது, மாலை நான்கரைக்கு மேல் தெளியுங்கள். மாடுகளை முதலில் அடுத்த காட்டுக்கு மாற்றிப் படலைக் கட்டிவிடுங்கள். கொழுக்கட்டைப்புல் நாலு அங்குலமாவது நிற்க வேண்டும், வேர் உயிரோடிருந்தால்தான் நுண்ணுயிருக்குச் சாப்பாடு. பயறு வகைச் செடிகளான நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் படர்ந்த இடத்தை விட்டுவிடாமல் நனையுங்கள். மூன்று வாரத்துக்கு முன் மாடு திரும்ப உள்ளே வரக் கூடாது.

பலன் எல்லாக் காட்டிலும் ஒன்றுபோல் வருவதில்லை. ஆய்வுகளே முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொல்கின்றன. அதனால் பத்து மீட்டர் அகலப் பட்டை ஒன்றுக்கு வெறும் தண்ணீரை மட்டும் அதே அளவில் தெளித்து விடுங்கள். மாடு விடுவதற்கு முன் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை இரு பக்கமும் ஐந்தைந்து இடத்தில் வைத்து அறுத்து, காயவைத்து எடை போடுங்கள். கண்ணால் பார்க்கும் பச்சையை நம்ப வேண்டாம். இரண்டு மழைக்காலம் எடை போட்டும் வித்தியாசம் தெரியவில்லையென்றால், அந்தச் செலவில் ஆட்டுப் பட்டி போடுவது (ஆடுகளை இரவில் காட்டிலேயே அடைத்து எருவிட வைப்பது) மேல். இல்லாவிட்டால் மக்கு உரத்தையே மழைக்கு முன் ஏக்கருக்கு 500 கிலோ தூவலாம், அதில் தழைச்சத்து 5 கிலோ இருக்கிறது.

வேலை முடிந்த அன்றே டிரம், குழாய், பை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். வழவழப்புப் படலம் ஒட்டியிருந்தால் அடுத்த டிரம்மும் நாறும். பையில் மிஞ்சிய சக்கையைக் காட்டில் கொட்டாதீர்கள். சாணத்தோடு வந்த சீமைக் கருவேல விதை அதில் தப்பியிருக்கலாம். குவியலுக்கே திருப்பி அனுப்பி மறுபடி சூடேற்றுங்கள்.