உடற்கல்வி மாணவர்களுக்குப் பால்ரூம் நடனம்: எடை மாற்றத்தில் தொடங்குவோம்

உயரம் தாண்டுவதில் கெட்டிக்காரரான ஒரு மாணவர் என் வகுப்பில் இருந்தார். வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தின் முதல் மூன்று அடிகளை அழகாக வைத்தார். நான்காவதுக்கு எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். வரிசை மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். “இப்ப எந்தக் கால்ல நிக்கிறே?” என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். இரண்டு கால்மேலும் பாதிப் பாதியாக நின்றுகொண்டிருந்தார்.

உடற்கல்வி மாணவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். இதற்குக் காரணம் அவர்களுடைய பயிற்சிதான். பூப்பந்தோ, கைப்பந்தோ, கோல் காப்பதோ, எதுவானாலும் தயார் நிலை என்றால் எடையை இரண்டு பாதங்களுக்கும் பகிர்ந்து நிற்கப் பழகியிருப்பார்கள். பந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதபோது அதுதான் சரி. பால்ரூமில் அடுத்த அடி எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தெரியும். அதனால் எடை முழுக்க ஒரு காலில் இருக்க வேண்டும், இன்னொரு கால் விடுதலையாக இருக்க வேண்டும். இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும்.

முதலில், எந்த எந்த நடனங்கள்?

பால்ரூம் என்பதில் உள்ள ‘பால்’ பந்து இல்லை. ஆடுதல் என்று பொருள்படும் ‘பல்லாரே’ என்ற லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது. இருவர் சேர்ந்து ஆடும் நடனங்கள் இவை. ஒருவர் வழிநடத்துவார், அவரை லீடர் என்போம். மற்றவர் அதை உணர்ந்து பதில் தருவார், அவர் ஃபாலோயர்.

சர்வதேசப் போட்டிகளில் பத்து நடனங்கள், இரண்டு பிரிவுகளாக. ஸ்டாண்டர்ட் பிரிவில் வால்ட்ஸ், டேங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், க்விக்ஸ்டெப். லத்தீன் பிரிவில் சம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். இவற்றுக்கு ஒழுங்கான பாடமுறை உருவானது பெரும்பாலும் இங்கிலாந்தில். அங்குள்ள இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் 1924-இல் பால்ரூமுக்கென்று ஒரு கிளையைத் தொடங்கியது. போட்டி வடிவத்துக்கு டான்ஸ் ஸ்போர்ட் என்று பெயர். 1997-இல் அதன் உலக அமைப்புக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் கிடைத்தது. ஆனாலும் பால்ரூம் இன்னும் ஒலிம்பிக் பதக்கப் போட்டிகளில் சேரவில்லை.

இணையத்தில் வீடியோ பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் ஸ்மூத், ரிதம் என்று வேறொரு பிரிவு முறை உண்டு. அதில் வால்ட்ஸ் ஜோடிகள் பிரிந்து தனித்தும் ஆடுவார்கள். சர்வதேச ஸ்டாண்டர்டில் பிடியை விடவே கூடாது. இரண்டையும் கலந்து பார்த்துக் குழம்பாதீர்கள்.

படி 1: எடை மாற்றம்

ஜோடி வேண்டாம், இசையும் வேண்டாம். பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். முழங்கால் பூட்டிக்கொள்ளாமல் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். எடையை மெதுவாக இடது காலுக்குக் கொண்டுபோங்கள். இப்போது வலது குதிகாலையும், பிறகு பாதம் முழுவதையும் தரையிலிருந்து ஒரு விரல் அகலம் தூக்குங்கள். தூக்கும் நேரத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்ததென்றால் எடை முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். சாயாமல் தூக்க முடிந்தால் சரி. வலது பக்கமும் அப்படியே. எட்டு முறை நின்ற இடத்தில், எட்டு முறை பக்கவாட்டில் ஓர் அடி வைத்து, எட்டு முறை முன்னால் ஓர் அடி வைத்து.

அப்புறம் ‘தொடுதல்’, ‘அடி’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகுங்கள். பாதம் தரையில் பட்டால் தொடுதல். பாதத்தின்மேல் நீங்கள் போய் நின்றால் அடி. நான் “தொடு”, “அடி” என்று மாற்றி மாற்றிச் சொல்வேன், மாணவர்கள் செய்வார்கள். பத்து நிமிடம் இதிலேயே போகும். போகட்டும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிற ஆசிரியர், பின்னால் பத்து வகுப்புகளில் அதையே திருத்திக்கொண்டிருப்பார்.

படி 2: எண்ணிக்கை

வால்ட்ஸ் மூன்று பீட், அதாவது மூன்று தாளத் தட்டு. முதல் பீட் கனமாக விழும்: ஒன்று-இரண்டு-மூன்று. இந்த ஒரு சுற்றுக்குப் ‘பார்’ என்று பெயர். போட்டி வேகம் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார். பாருக்கு மூன்று பீட் என்றால் 84 முதல் 90 பீட். சுறுசுறுப்பான நடை வேகத்தைவிடக் குறைவுதான். சா-சா-சா நான்கு பீட், 30 முதல் 32 பார், அதாவது 120 முதல் 128 பீட்.

இசையைப் போட்டு முதலில் கனமான பீட்டில் மட்டும் கை தட்டுங்கள். பிறகு எல்லாப் பீட்டுக்கும் நின்ற இடத்தில் எடை மாற்றுங்கள். வால்ட்ஸில் இப்படிச் செய்தால் ஒரு அதிசயம் தெரியும்: மூன்று ஒற்றைப்படை எண் என்பதால், ஒவ்வொரு பாரின் முதல் பீட்டும் கால் மாறி மாறி விழும். ஒரு முறை இடது, அடுத்த முறை வலது. வால்ட்ஸின் ஊஞ்சலாட்டம் இதிலிருந்துதான் வருகிறது.

படி 3: பிடி

ஜோடி சேர்வதற்கு முன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் கூச்சம் இருக்கும். அதனால் நான் உள்ளங்கையோடு உள்ளங்கை வைப்பதில் ஆரம்பிப்பேன். இருவரும் எதிரெதிரே நின்று, கைகளை நெஞ்சு உயரத்தில் வைத்து, லேசான அழுத்தம் கொடுத்து, லீடர் முன்னால் நடக்கிறார், ஃபாலோயர் பின்னால் நடக்கிறார். கை தளர்ந்தால் செய்தி போகாது. விறைத்தால் தள்ளுமுள்ளு ஆகும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அது கையால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு மூடிய பிடி. லீடரின் இடது கை ஃபாலோயரின் வலது கையைப் பிடிக்கும், ஃபாலோயரின் கண் உயரத்தை ஒட்டி. லீடரின் வலது கை ஃபாலோயரின் இடது தோள்பட்டை எலும்பின்மேல். ஃபாலோயரின் இடது கை லீடரின் வலது மேற்கையின்மேல். ஃபாலோயர் நேர் எதிரே நிற்காமல், லீடரின் வலப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்பார். கால்கள் மோதாமல் இருப்பது இதனால்தான். தலை சற்று இடப்பக்கம், இருவருக்கும்.

தோளைத் தூக்காதீர்கள். முழங்கைகள் உயர்ந்திருக்கலாம், தோள் இறங்கியிருக்க வேண்டும். கைகளும் தோளும் முதுகும் சேர்ந்து அமையும் இந்தச் சட்டத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். லீடர் தன் கையால் ஃபாலோயரை இழுப்பதும் தள்ளுவதும் வழிநடத்தல் ஆகாது. லீடர் தன் எடையை நகர்த்துகிறார், ஃப்ரேம் கலையாமல் இருப்பதால் அது எதிரிலிருப்பவருக்குத் தெரிகிறது. எடை மாற்றம் சரியாக வராதவர் எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் அவருடைய ஜோடிக்கு ஒன்றும் புரியாது.

படி 4: வால்ட்ஸ் பாக்ஸ் ஸ்டெப்

தரையில் ஒரு சதுரத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். லீடர்:

1. இடது கால் முன்னால்.
2. வலது கால் பக்கவாட்டில்.
3. இடது கால் வலதோடு சேரும், எடை இடதுக்கு.
4. வலது கால் பின்னால்.
5. இடது கால் பக்கவாட்டில்.
6. வலது கால் இடதோடு சேரும், எடை வலதுக்கு.

ஃபாலோயருக்கு இதன் கண்ணாடிப் பிம்பம்: வலது பின்னால், இடது பக்கவாட்டில், வலது சேரும், பிறகு இடது முன்னால், வலது பக்கவாட்டில், இடது சேரும்.

சிக்கல் வரும் இடம் 3-உம் 6-உம். சேர்கிற கால் வெறுமனே பக்கத்தில் வந்து தொட்டுக்கொண்டு நின்றுவிடும். உயரம் தாண்டும் மாணவர் மாட்டிக்கொண்டது இங்கேதான். சேர்ந்த கால்மேல் முழுதாக ஏறி நின்றால் அடுத்த கால் தானாகவே விடுபடும். வரிசையை மனப்பாடம் செய்யவே வேண்டாம், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கால்தான். அவரிடம் இதைச் சொல்லி, 3-இல் நிறுத்தி, வலது காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தூக்கினார். “அந்தக் காலையே பின்னால வை” என்றேன். அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை.

இன்னொரு தவறு: 1-இலிருந்து 2-க்குப் போகும்போது காலைக் குறுக்கே மூலைவிட்டமாக வீசுவது. நகரும் கால் முதலில் நின்ற காலை உரசிக்கொண்டு வந்து, பிறகு பக்கம் போக வேண்டும்.

சதுரம் வந்த பிறகு ஏற்ற இறக்கத்தைச் சேருங்கள். முதல் அடி குதிகாலில் இறங்கும், முழங்கால் மடங்கியிருக்கும். அந்த அடியின் முடிவில் உயரத் தொடங்கி, 2-இலும் 3-இலும் விரல் நுனிப் பக்கம் உயர்ந்து, 3 முடியும்போது மெதுவாக இறங்குவீர்கள். கெண்டைக்கால் தசைக்கும் கணுக்காலுக்கும் இது நல்ல வேலை. இறக்கத்தைக் கட்டுப்படுத்துவதுதான் ஏற்றத்தைவிடக் கடினம். தடாலென்று குதிகாலைப் போடாதீர்கள்.

பாக்ஸ் ஸ்டெப் ஒரே இடத்தில் நடக்கும் பயிற்சி. உண்மையான வால்ட்ஸ் அரங்கைச் சுற்றி நகரும், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். ஸ்டாண்டர்ட் நடனங்கள் எல்லாமே இப்படித்தான். வகுப்பில் இருபது ஜோடி இருந்தாலும் மோதாமல் இருக்க இந்த விதியை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்.

படி 5: சா-சா-சா

1950-களின் தொடக்கத்தில் கியூபாவில், வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான என்ரிக்கே ஹொரின் உருவாக்கிய இசையோடு பிறந்த நடனம். ஆடுபவர்களின் பாதங்கள் தரையில் உரசும் ஒலியிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள். எண்ணிக்கை இப்படி: இரண்டு, மூன்று, நாலு-அண்ட்-ஒன்று. நாலாவது பீட்டை இரண்டாகப் பிளந்து இரண்டு அடி.

முதலில் லீடர் வலது கால்மேல் நிற்கிறார்.

இரண்டு: இடது கால் முன்னால். மூன்று: எடை திரும்ப வலது காலுக்கு. நாலு: இடது பக்கவாட்டில். அண்ட்: வலது சேரும். ஒன்று: இடது பக்கவாட்டில். அடுத்து, இரண்டு: வலது கால் பின்னால். மூன்று: எடை திரும்ப இடதுக்கு. நாலு-அண்ட்-ஒன்று: வலப்பக்கமாக வலது, இடது, வலது. ஃபாலோயர் இரண்டாவது பாதியில் தொடங்கினால் சரியாகப் பொருந்தும்.

இங்கே எடை மாற்றம் வால்ட்ஸைவிட வேகமாக நடக்கிறது. ‘அண்ட்’ அரை பீட்தான். அடிகளைச் சிறிதாக வைத்தால்தான் முடியும். அகலமாக வைத்துவிட்டு உடம்பை இழுத்துக்கொண்டு ஓடுவது தடகள மாணவர்களின் வழக்கம். தோள் அகலத்துக்குமேல் போகாதீர்கள்.

பாதம் இங்கே வேறு மாதிரி. குதிகால் முதலில் இல்லை. முன்பாதம் முதலில் படும், விரல்கள் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இடுப்பு அசைவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இடுப்பைத் தனியாக ஆட்டாதீர்கள். எடை ஏறிய காலின் முழங்கால் நேராகும்போது, விடுபட்ட காலின் முழங்கால் தளரும்போது, இடுப்பு தானே அந்தப் பக்கம் போய் அமரும்.

மற்ற எட்டு நடனங்கள், சுருக்கமாக

ரும்பாவின் அடிப்படை எண்ணிக்கையும் 2-3-4-1 தான், ஆனால் சா-சா-சாவின் மூன்று சிறு அடிகளுக்குப் பதில் ஒரே அடி. வேகம் 25 முதல் 27 பார். சுலபம்போலத் தெரியும். மெதுவாக எடை மாற்றும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதால், எனக்குத் தெரிந்து பத்திலும் நேர்மையான சோதனை இதுதான்.

டேங்கோ ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளான புவனெஸ் அய்ரஸ், மான்டிவிடியோவில் பிறந்தது. போட்டி வடிவத்தில் ஏற்ற இறக்கமே கிடையாது. முழங்கால் மடங்கியே இருக்கும், பாதங்களைத் தூக்கி வைப்போம். ஃபாக்ஸ்ட்ராட்டில் ஸ்லோ என்றால் இரண்டு பீட், க்விக் என்றால் ஒன்று. கால்கள் சேராமல் கடந்து போய்க்கொண்டே இருப்பதால் முதல் பருவத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. க்விக்ஸ்டெப் 50 முதல் 52 பார், அதாவது நிமிடத்துக்கு 200 பீட்டுக்குக் குறையாது. வியன்னீஸ் வால்ட்ஸ் 58 முதல் 60 பார், சுழன்றுகொண்டே இருக்கும்.

சம்பா பிரேசிலிலிருந்து வந்தது, முழங்காலில் ஒரு துள்ளல் வேண்டும். பாசோ டோப்ளே காளைப் போரை நடிக்கும் அணிவகுப்பு நடனம், லீடர் வீரர், ஃபாலோயர் பெரும்பாலும் அவர் கையிலுள்ள துணி. ஜைவ் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களோடு இங்கிலாந்துக்குப் போன ஆட்டத்திலிருந்து வளர்ந்தது. லத்தீன் சுற்றில் அது கடைசி. நான்கு நடனங்கள் முடித்த களைப்போடு, நிமிடத்துக்கு 42 முதல் 44 பார் வேகத்தில், துள்ளிக்கொண்டே ஆட வேண்டும்.

காலணி, தரை, வகுப்பு

ரப்பர் அடிப்பாகமுள்ள விளையாட்டு ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கம் முழங்காலுக்குப் போகும். பால்ரூம் ஷூவின் அடியில் மென்தோல் இருப்பது இதற்காகத்தான். அது இல்லையென்றால் வழவழப்பான தோல் அடி உள்ள சாதாரண ஷூ போதும். சாக்ஸ் மட்டும் போட்டு ஆட வேண்டாம், வழுக்கும்.

45 நிமிட வகுப்பை நான் இப்படிப் பிரிப்பேன்: கணுக்கால், இடுப்பு, முதுகுத்தண்டுக்கு ஐந்து நிமிட வார்ம்-அப், எடை மாற்றம் பத்து, தனியாக அடிகள் பத்து, ஜோடியாகப் பதினைந்து, மீதி ஐந்து நிமிடம் இசையோடு சும்மா ஆட. ஜோடி நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பாதி வழியில் லீடரும் ஃபாலோயரும் பொறுப்பை மாற்றிக்கொள்ளட்டும். நாளைக்கு இவர்களே சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள், இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் போடும்போது நான் இசையை நடுவில் திடீரென்று நிறுத்துவேன். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். வரிசையாக நடந்துபோய், விடுபட்டிருக்கும் காலைத் தூக்கச் சொல்வேன்.