பண்ணைக் குட்டையில் சாதாக் கெண்டையை ஒழிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பண்ணைக் குட்டை இந்த வருடம்தான் தெளிந்திருக்கிறது. அதற்கு முன் முழங்கால் ஆழத்தில் நின்றால் பாதம் தெரியாது. சாதாக் கெண்டை (காமன் கார்ப்) அடிச் சேற்றைக் கிளறித்தான் இரை தேடும். கலங்கிய நீரில் வெயில் இறங்காமல் செடிகள் செத்துப்போகும். இந்த மண்ணின் மீன்களுக்கு ஒதுங்க இடமிருக்காது.

வலையை எடுக்கும் முன் எசெம்வெலோ (குவாசுலு-நட்டால் மாகாண வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் கேட்டு, வேண்டிய அனுமதியை வாங்கிவிடுங்கள்.

படி 1: எது கெண்டை?

என்னை ரொம்பக் குழப்பியது இதுதான். மீசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கெண்டைக்கு வாயோரம் நான்கு மீசை. நாம் காப்பாற்ற வேண்டிய ஸ்கேலி என்ற நாட்டு மீனுக்கும் நான்குதான். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். கெண்டைக்கு அது நடுமுதுகில் தொடங்கி வால் பக்கம் வரை நீளும், ஸ்கேலிக்குக் குட்டை. கெண்டைத் துடுப்பின் முதல் முள்ளைப் பின்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் விரலில் தட்டும். வலைக் கண்ணியில் சிக்கிக்கொள்வதும் அந்த முள்தான். இழுக்காமல் கத்தரியால் கண்ணியை வெட்டிவிடுங்கள்.

ஜிலேபியையும் (மொசாம்பிக் திலாப்பியா) கொன்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்கு அது 1952இல் கொண்டுவரப்பட்ட மீன், அங்கே தொல்லை. இங்கே அது பூர்வகுடி. அழியக்கூடிய இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. வால் துடுப்பில் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள் இருந்தால் அது நைல் திலாப்பியா, அதை எடுத்துவிடலாம்.

படி 2: வலை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு. தண்ணீர் வற்றி, மீன்கள் ஆழமான பகுதியில் கூடும். அப்போது இழுவலை போடுங்கள். செவுள் வலை வேண்டவே வேண்டாம். அதில் ஸ்கேலியும் மாட்டிச் சாகும். இழுவலையில் வருவதை உயிரோடு பிரித்து விடலாம்.

பிடித்த கெண்டையைத் தலையில் ஓங்கி அடித்து உடனே கொன்றுவிடுங்கள். வாளியில் உயிரோடு யாருக்கும் கொடுக்காதீர்கள், அடுத்த குட்டைக்கு அப்படித்தான் போகிறது. தோலை உரித்தால் சேற்று வாடை குறையும், புளி தூக்கலாகக் குழம்பு வைக்கலாம்.

படி 3: முட்டை

பலரும் வலையோடு நிறுத்திவிடுகிறார்கள். தப்பிய ஒரு பெண் கெண்டையே லட்சக்கணக்கில் முட்டையிடும். வசந்தத்தில் தண்ணீர் சூடேறியதும் கரையோரப் புல்லில் கெண்டைகள் புரண்டு சளசளக்கும். சவ்வரிசியைவிடச் சிறிய முட்டைகள் செடியில் ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே சவுக்குக் கிளைகளைக் கட்டி ஆழமில்லாத இடத்தில் போட்டுவையுங்கள். சளசளப்பு கேட்ட மறுநாளே முட்டை ஒட்டிய கிளைகளைக் கரையேற்றி வெயிலில் காயவிடுங்கள். சில நாள் விட்டால் குஞ்சு பொரித்துவிடும்.

பிற்சேர்க்கை: "மருந்து கலக்கலாமா?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மேற்கு கேப் மாகாணத்தின் செடர்பெர்க் மலைப் பகுதியில், ரொண்டெகாட் ஆற்றில் 2012, 2013இல் ரோட்டனோன் என்ற மீன்கொல்லி மருந்தை இட்டு, ஸ்மால்மவுத் பாஸ் என்ற அந்நிய மீனை அகற்றினார்கள், நாட்டு மீன்களும் திரும்பின. அதைச் செய்தது அந்த மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான கேப்நேச்சர். அந்த மருந்து நல்ல மீன், கெட்ட மீன் என்று பார்க்காது. நீங்களாகக் கலக்கவே கூடாது.

ஒழித்த பிறகும் குஞ்சுகள் தென்பட்டால் வாய்க்காலைப் பாருங்கள். மேல் குட்டையிலிருந்து மழைநீரோடு வந்திருக்கும். தண்ணீர் நுழையும் இடத்தில் பொடிக்கண்ணி வலை கட்டி, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சருகை அள்ளிவிடுங்கள்.