டெங்குக் கணக்கில் விடுபடுகிற ஆட்கள்

கொழும்பு மாவட்டத்தில் 100 பேருக்கு டெங்கு, முல்லைத்தீவில் 10 பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிலைமை மோசம்? கொழும்பு என்றுதான் வாயில் வரும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி கொழும்பில் 23 இலட்சத்துக்கு மேல், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர்தான். இலட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் கொழும்பில் 4 சொச்சம், முல்லைத்தீவில் கிட்டத்தட்ட 11. நோயாளிகளை எண்ணுகிற அவசரத்தில் மிச்ச ஆட்களை மறந்துவிடுகிறோம்.

ஆட்களைத் தேடிப் போனாலும் எல்லாரும் கிடைப்பதில்லை. ஒருமுறை வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றுக்கு வினாக்கொத்தோடு போனோம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. பாதிக் கதவு பூட்டு, திறந்தவர்கள் எல்லாரும் அம்மம்மாக்கள். தேத்தண்ணி நன்றாகக் கிடைத்தது, தரவுதான் கிடைக்கவில்லை. பூட்டின வீட்டை விட்டுப் பக்கத்துக் கதவைத் தட்டுவது சுகம், ஆனால் அப்படிச் செய்தால் வேலைக்குப் போகிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பின்னேரமோ ஞாயிறோ அதே கதவுக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும்.

பிறகு ஞாபகம். பிள்ளைக்கு டெங்கு வந்த அம்மாவிடம் கேட்டால் பூச்சட்டி, டயர், பக்கத்து வளவில் கிடந்த யோகட் கப் வரை சொல்வார். பாவம், எத்தனை இரவு யோசித்திருப்பார். காய்ச்சல் வராத பிள்ளையின் அம்மா "அப்படி ஒண்டும் இல்லைத் தம்பி" என்று முடித்துவிடுவார். இரண்டு வீட்டிலும் ஒரே அளவு தண்ணீர் தேங்கியிருக்கலாம். கேட்டு எழுதுவதைவிடப் போய்ப் பார்ப்பது நல்லது, பார்க்கிறவருக்கு எந்த வீட்டில் காய்ச்சல் என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 1854இல் லண்டனில் மருத்துவர் ஜோன் ஸ்னோ கொலராவில் இறந்தவர்களின் வீடுகளை மட்டும் குறித்துவிட்டு ஓயவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு, நோய் பரப்பிய தெருப் பம்பின் தண்ணீரைக் குடித்தவரைப் பற்றியும், பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தும் நோய் வராத பியர் ஆலைத் தொழிலாளரைப் பற்றியும் விசாரித்தார். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. பாணந்துறையில் ரயில் ஏறி வேலைக்கு வருகிறவருக்குப் புறக்கோட்டையில் கடித்திருக்கலாம், படிவத்தில் விழுவதோ பாணந்துறை விலாசம். காய்ச்சல் தொடங்க முந்திய 4 முதல் 10 நாட்களில் பகல் எங்கே கழிந்தது என்று கேட்காவிட்டால், நுளம்புக்குப் புகை அடிக்கிறவர்கள் தப்பான ஒழுங்கைக்குத்தான் போவார்கள்.