சீலா என்றால் எந்த மீன்? ஊர்ப்பெயருக்கு அறிவியல் பெயர் கண்டுபிடிக்கும் முறை

சென்னைச் சந்தையில் சீலா கேட்டால் நீள வாயும் கூர்பல்லுமாக ஸ்ஃபைரீனா பேரின மீன் வரும். தூத்துக்குடியில் அதே சொல்லுக்கு வஞ்சிரம் வரும். சென்னைக்காரரின் சீலாவுக்கு அங்கே ஊளி என்று பெயர். இலங்கைக்குப் போனால் சீலா மறுபடி ஸ்ஃபைரீனா ஆகிவிடும், வஞ்சிரம் அறக்குளா ஆகிவிடும். இணையத்தில் சுற்றும் மீன் பெயர்ப் பட்டியல்கள் பலவும் சறுக்குவது இந்த இடத்தில்தான். எந்த ஊர்ப் பெயர் என்பதை விட்டுவிட்டு, ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஒரு லத்தீன் பெயரை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

ஆகவே பெயரை வைத்துக்கொண்டு மீனைத் தேடாதீர்கள். மீனைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைத் தேடுங்கள்.

வெட்டாத முழு மீன் வேண்டும். துண்டு போட்ட பிறகு வஞ்சிரத்துக்குள் எந்த வஞ்சிரம் என்று சொல்வது பெரும்பாடு. மீனை வாங்கும்போதே நோட்டில் ஐந்து விஷயம் எழுதிவிடுங்கள்: சொன்னவர் உச்சரித்தபடி பெயர், ஊர், தேதி, எந்த வலையில் அல்லது தூண்டிலில் பட்டது, மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை நீளம். பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பிறகு தமிழுக்குத் திருப்பினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். வாளை வாலையாகவும் வாழையாகவும் அச்சேறுவது அப்படித்தான். கேட்ட ஆள் மீன்பிடிப்பவரா வியாபாரியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வியாபாரி விலை போகும் பெயரைச் சொல்வார்.

அடுத்தது படம். ஐஸில் கிடக்கக் கிடக்க நிறமும் புள்ளியும் மங்கும். அதனால் முதலில் படம், பிறகு மற்றவை. மீனின் இடப்பக்கம் தெரிய, தலை இடக்கைப் பக்கம் இருக்கும்படி கிடத்தி, துடுப்புகளைக் குண்டூசியால் விரித்துக் குத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். வெயிலில் செதில் பளபளத்துப் புள்ளிகள் தெரியாமல் போகும், நிழலே நல்லது. வாயைத் திறந்து பல்லுக்கு ஒரு படம், செவுள் மூடியைத் தூக்கி ஒரு படம், வால் அடித்தண்டுக்கு, அதாவது வால் துடுப்புக்கு முன்னால் உடல் ஒடுங்கும் இடத்துக்கு, ஒரு படம்.

இனி குடும்பம். குடும்பத்துக்குள் பேரினம், பேரினத்துக்குள் இனம். நேராக இனத்துக்குத் தாவினால் தப்பு வரும். ஊர்ப்பெயர் உருவத்தையும் ருசியையும் பார்த்து வைத்தது, உறவைப் பார்த்து வைத்ததில்லை. கானாங்கெளுத்தியில் கெளுத்தி இருக்கிறது; ஆனால் அது மீசை வைத்த கெளுத்தி வகையே இல்லை. கன்னியாகுமரியில் அயிலை என்கிறார்களே, அதே ராஸ்ட்ரெலிகர் கனகுர்டாதான். வாளை இன்னும் மோசம். நாடா போல நீண்டு வெள்ளியாக மின்னும் கடல் வாளை ட்ரைக்கியூரஸ் லெப்ச்சுரஸ். முள்ளுவாளை கைரோசென்ட்ரஸ் டோராப், அது மத்தி வரிசையைச் சேர்ந்தது. ஆற்றிலும் ஏரியிலும் கிடைக்கும் வாளை வல்லாகோ அட்டு, அதுதான் உண்மையில் கெளுத்திச் சொந்தம். மூன்றும் மூன்று குடும்பம். கிளிமீன் என்று தமிழ்நாட்டில் சொன்னால் பவளப்பாறையைக் கொறிக்கும் ஸ்காரஸ். கேரளத்தில் சொன்னால் நம்ம சங்கரா.

வவ்வாலில் ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ளை வவ்வால் பாம்பஸ் பேரினம். கறுப்பு வவ்வால் பாராஸ்ட்ரோமேட்டியஸ் நைஜர். அது பாரைக் குடும்பத்து மீன். வளர்ந்த மீனில் இரண்டுக்குமே வயிற்றுத் துடுப்பு இருக்காது, ஆகவே அதை வைத்துப் பிரிக்க முடியாது. வால் அடித்தண்டில் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று கெட்டிச் செதில் வரிசை தட்டுப்பட்டால் கறுப்பு வவ்வால், வழவழவென்று போனால் பாம்பஸ். அந்தக் கெட்டிச் செதிலைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு வங்கடையை, அதாவது மெகாலாஸ்பிஸ் கார்டிலாவை, எடுத்துப் பாருங்கள்; பாரைக் குடும்பத்தின் அடையாளம் மறக்காது.

குடும்பம் தெரிந்த பிறகு எண்ண வேண்டும். முதுகுத் துடுப்பில் குத்தும் முள் எத்தனை, மெத்தென்று கிளைத்த கதிர் எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். முள்ளை ரோமன் எண்ணிலும் கதிரைச் சாதாரண எண்ணிலும் எழுதுவது வழக்கம். கடைசிக் கதிர் அடியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் அது ஒன்றுதான். புதிதாக எண்ணுபவர்களுக்கு ஒன்று கூடிப்போவது பெரும்பாலும் இதனால்தான். இந்த எண்ணிக்கை எதற்கு உதவும் என்றால், உணவகப் பட்டியலில் ரெட் ஸ்னாப்பர் என்று போட்டுச் சங்கராவை வைக்கும்போது உதவும். சங்கராவின் நெமிப்டெரஸ் பேரினத்துக்கு முதுகில் 10 முள், 9 கதிர்; குதத் துடுப்பில் 3 முள், 7 கதிர். உண்மையான ஸ்னாப்பர், நம்மூர்ச் செப்பிலி, லுட்ஜானஸ் பேரினம். அதன் முதுகில் மென்கதிர் 12-க்குக் குறையாது. நெமிப்டெரஸ் ஜப்பானிக்கஸில் வாலின் மேல் நுனி மஞ்சள் நூலாக நீண்டிருக்கும், ஆனால் வலையில் அறுந்துபோவதும் உண்டு. நூலை நம்பாதீர்கள், கதிரை எண்ணுங்கள்.

வஞ்சிரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சந்தையில் ஒரே பெயரில் குறைந்தது மூன்று இனம் விற்கிறது. மீனைச் சாய்த்து, செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே வந்ததும் கோடு சட்டென்று கீழே ஒடிந்து இறங்கினால் அது ஸ்காம்பரோமோரஸ் காமர்சன். உடலில் குறுக்கே நெளிநெளியாக மெல்லிய பட்டைகளும் இருக்கும். கோடு ஒடியாமல் மெல்லச் சரிந்து, விலாவில் வட்டப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் ஸ்காம்பரோமோரஸ் கட்டேட்டஸ். இதில் பக்கக்கோட்டின் முன்பகுதியிலிருந்து மயிர் போன்ற கிளைகள் பிரியும், லென்ஸ் வைத்தால் தெளிவாகத் தெரியும். புள்ளிக்குப் பதில் படுக்கைவாட்டில் சிறு கீற்றுகள் இருந்தால் லீனியோலேட்டஸ். ஐஸில் நிறம் போய்விட்டதா? முதல் செவுள் வளைவில் சீப்புப் பல் போல நிற்கும் முட்களை எண்ணுங்கள். காமர்சனில் பெரும்பாலும் 3 முதல் 5 வரை, கட்டேட்டஸில் 8 முதல் 14 வரை. ஒன்றுகூட இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வஞ்சிரமே இல்லை, அகாந்தோசைபியம் சோலாண்ட்ரி. அதன் முதல் முதுகுத் துடுப்பில் 20-க்கு மேல் முள் இருக்கும்.

பொருத்திப் பார்க்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மீன்பிடிப் பகுதிவாரியாக வெளியிட்ட இன அடையாளக் கையேடுகள் நல்லவை, இலவசமாகவும் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆம் இல்லை என்று படிப்படியாகக் கேட்கும் அடையாளத் திறவுகோலை முதலிலிருந்து ஓட்டுங்கள்.

கிடைத்த பெயர் இன்றும் செல்லுமா என்று பார்ப்பது அடுத்த வேலை. மீனுக்கு இணையத்தில் இருக்கும் எஷ்மேயர் மீன் பட்டியலும் ஃபிஷ்பேஸும், இறால், நண்டு, கணவாய், சங்குக்கு வோர்ம்ஸ் என்ற உலகக் கடல் உயிரினப் பதிவேடும் போதும். பழைய நூலில் க்ஸாங்கஸ் பைரம் என்றிருக்கும் சங்கு இன்று டர்பினெல்லா பைரம். வெள்ளை இறால் 1997-க்குப் பிறகு ஃபென்னரோபீனியஸ் இண்டிகஸ் ஆகி, பிறகு பழையபடி பீனியஸ் இண்டிகஸுக்கே திரும்பியது, வனாமி இறாலும் இதேபோல் வேறொரு பேரினத்துக்குப் போய்த் திரும்பியதுதான். ஊசிக்கணவாய் லோலிகோவிலிருந்து யூரோட்யூதிஸுக்குப் போனது. இந்தியக் கரையின் வெள்ளை வவ்வாலைப் பல தலைமுறை பாம்பஸ் ஆர்ஜென்டியஸ் என்று எழுதிவந்தோம். 2019-ல் அதைப் பாம்பஸ் கேண்டிடஸ் என்று பிரித்துவிட்டார்கள். பழைய பெயரை அழித்துவிட வேண்டாம். பக்கத்தில் வைத்திருந்தால்தான் பழைய ஆய்வறிக்கைகளைத் தேட முடியும்.

எழுதும்போது பேரினப் பெயரின் முதலெழுத்து பெரியது, இனப் பெயர் முழுதும் சிறியது, இரண்டும் சாய்வெழுத்து. தமிழ் எழுத்தில் பெரிது சிறிது கிடையாது என்பதால் ஒலிபெயர்ப்பை மட்டும் அச்சிட்டுவிட்டால் வாசகரால் தேட முடியாது. அட்டவணையில் லத்தீன் எழுத்து வடிவத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் ஒதுக்குங்கள். லத்தீன் பெயருக்குப் பின்னால், அந்த இனத்தை முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் வரும்; அவற்றைச் சுற்றியுள்ள அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. மடவை முகில் செஃபலஸ், லின்னேயஸ் 1758-ல் வைத்த பேரினத்திலேயே இருப்பதால் அடைப்புக்குறி வராது. கொடுவா லேட்டஸ் கால்காரிஃபர். ப்ளோக் 1790-ல் வேறு பேரினத்தில் வைத்ததால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். பேரினம் மாறும்போது இனப் பெயரின் வால் எழுத்தும் மாறலாம். காலா மீன் பாலிநெமஸ் இண்டிகஸாக இருந்து லெப்டோமெலனோசோமா இண்டிகம் ஆனது அப்படித்தான். இண்டிகஸ் என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் இந்தச் சந்தேகம் வரட்டும்.

லத்தீன் என்றதும் மிரள வேண்டியதில்லை, பாதை இரு திசையிலும் ஓடியிருக்கிறது. கத்தாளை, பன்னா என்ற நம்மூர் மீன் பெயர்கள் 1969-ல் கதாலா, பன்னா என்று பேரினப் பெயர்களாகவே ஏறின. அதே குடும்பத்தின் ஜானியஸ் பேரினம், தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் பெயரில் 1793-ல் வைத்தது.

இனம் வரை போக முடியவில்லையா, பேரினத்தோடு நிறுத்தி, இனம் தெரியவில்லை என்பதைக் காட்டும் எஸ்.பி. (sp.) என்று போடுங்கள். நெத்திலிக்கும் காரலுக்கும் பெரும்பாலும் அதுதான் நேர்மை. ஒரு கூடை நெத்திலியில் இரண்டு பேரினம்கூட கலந்திருக்கும். கட்டாயம் தெரிந்தாக வேண்டுமென்றால் வலப்பக்கத்திலிருந்து மொச்சைக்கொட்டை அளவு தசையை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பிறகுதான் மீனை ஃபார்மலினில் போட வேண்டும். வரிசை மாறினால் மரபணுச் சோதனைக்கு அந்தத் தசை உதவாது. கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர், கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

நண்டுக்கு ஒரு எச்சரிக்கை. நீலக்கால் நண்டு என்றதும் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்று எழுதுவது கைப்பழக்கம். 2010-ல் அதை நான்கு இனமாகப் பிரித்தார்கள். வங்காள விரிகுடாவில் கிடைப்பது போர்ட்டுனஸ் ரெட்டிகுலேட்டஸ். பழைய பட்டியலைப் பார்த்து எழுதுபவர்கள் அந்த ஒரு வரியையாவது திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.