முதலில் குரல், அப்புறம் சாக்ஸபோன்

சாக்ஸபோன் ஜாஸ் பிடிபடவில்லை என்றால், அதே பாட்டை யாராவது பாடிய பதிவை முதலில் இரண்டு முறை கேட்டுவிட்டு வாத்தியப் பதிவுக்குப் போங்கள். 'பாடி அண்ட் சோல்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: பில்லி ஹாலிடே 1940-ல் பாடியது, அப்புறம் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939-ல் வாசித்தது. ஹாக்கின்ஸ் தொடக்கத்திலேயே மெட்டை விட்டு விலகி, அதன் கார்டு வரிசை (மெட்டுக்கு அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் தொடர்) மேல் கற்பனையாக வாசித்துக்கொண்டே போவார். 32 பார் (தாளச் சுற்று) நீளமுள்ள அந்த மெட்டு உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவர் எங்கே விலகுகிறார், நடுப்பகுதி எப்போது வருகிறது என்று பிடிபடும், அந்தச் சுகமே தனி. குரலும் சாக்ஸபோனும் ஒரே ஆல்பத்தில் வேண்டுமா, சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் 1963-ல் சேர்ந்து தந்ததைக் கேளுங்கள்.

கவுண்ட் பேசியின் 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' மாதிரி பெரிய குழு வாசிக்கும் பிக் பேண்ட் ஸ்விங்குக்கு இந்த வழி உதவாது, அது 12 பார் ப்ளூஸ் அமைப்பின் மேல் சின்னச் சின்ன ரிஃப்களால் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்குகள்) கட்டியது. மெட்டு, கார்டு வரிசை எதற்கும் கட்டுப்படாத ஃப்ரீ ஜாஸுக்கும் உதவாது.