மூன்று பூனைக்கு மூன்று பெட்டி போதாது: மணல் பெட்டியில் நடக்கும் தவறுகள்

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அரை நாளைக்கு வீடு மணக்கும். மறுநாள் மாலை மழை பெய்து ஓய்ந்ததும், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து அதே மூத்திர வீச்சம் கிளம்பும். இரண்டு மூன்று பூனை வளர்க்கும் கோலாலம்பூர் கொண்டோக்களில் இது பழகிப்போன கதை. வாடையை வாசனையால் மூடப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கின்றன.

நான்கு கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளில் ஏறத்தாழ 100 மில்லி மூத்திரம் போகும். மூன்று பூனை என்றால் ஒரு பெரிய கிளாஸ் நிறைய. போன கையோடு அது அவ்வளவாக நாறாது. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா எழும். கண்ணைக் கரிக்கும் வாடை அதுதான். இதோடு, பூனை மூத்திரத்துக்கே உரிய ஃபெலினின் என்ற கந்தகச் சேர்மம் மெல்லச் சிதைந்து இன்னொரு வீச்சத்தைக் கொடுக்கும். கருத்தடை செய்யாத கடுவனிடம் இது மிக அதிகம். ஈரம், வெப்பம், நேரம் மூன்றும் சேர்ந்தால் இரண்டு வாடையும் வளரும். முதல் இரண்டும் நம் ஊரில் வருஷம் முழுக்கத் தாராளம். நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். மணல் பையின் முதுகில் ‘மாதம் ஒரு முறை மாற்றினால் போதும்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பூனைக்குப் போட்ட கணக்கு. அதை நம்பி மூன்று பூனையை வைத்துக்கொண்டிருந்தால் பத்தாம் நாளே மூக்கைப் பிடிக்க வேண்டியதுதான்.

பெட்டி எத்தனை, எங்கே

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்: மூன்று பூனைக்கு நான்கு பெட்டி. கணக்கு தெரிந்தவர்கள்கூட நான்கையும் பின்பக்க யார்டில் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நான்கு பெட்டி பூனைக்கு ஒரே கழிப்பிடம். வீட்டில் அதிகாரம் செய்யும் பூனை அந்த வழியில் சும்மா படுத்துக் கிடந்தாலே போதும். சண்டை இல்லை, சீறல் இல்லை. பார்க்கும் நமக்கு எல்லாம் அமைதியாகத் தெரியும். அடங்கிய பூனை அதைத் தாண்டிப் போகத் துணியாமல் அடக்கி வைத்திருந்து, கடைசியில் அழுக்குத் துணிக் கூடையில் மூத்திரம் போய்விடும். நாம் அதைத் திமிர் என்போம்.

ஒரு பெட்டியில் நின்று பார்த்தால் இன்னொன்று தெரியக்கூடாது. இரண்டுக்கும் போகும் வழி வேறாக இருக்க வேண்டும். சின்ன வீட்டில் யார்டு ஒன்று, ஹால் மூலை ஒன்று, அறைகளில் ஒன்றிரண்டு என்று பிரிக்கலாம். துவைக்கும் இயந்திரத்தை ஒட்டி வைக்காதீர்கள். அது பிழியும் சுற்றில் அதிரும்போது ஒரு தடவை உள்ளே மாட்டிக்கொண்ட பூனை திரும்ப அந்தப் பக்கம் வராமல் போகலாம். பால்கனியில் வைத்தால் ஏப்ரலிலும் நவம்பரிலும் மாலை மழைச் சாரல் மணலைக் கூழாக்கிவிடும். குளியலறையானால் ஈரத் தரையும் தண்ணீர்க் குழாயும் அதே வேலையைச் செய்யும்.

ஏர்கோன் போட்ட படுக்கையறையில் வைத்துவிட்டு, ‘ஏர்கோன் ஓடியும் நாறுகிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. சுவரில் மாட்டும் ஏர்கோன் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் திரும்ப ஊதுகிறது, வாடையை வெளியே தள்ளுவதில்லை. காலையில் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து, காற்றாடியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வையுங்கள்.

பெட்டியின் நீளம், மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 45 செ.மீ. பூனைக்கு 65 செ.மீ.க்கு மேல். கடையில் ‘பெரியது’ என்று விற்கும் பல தட்டுகள் இதற்குப் போதாது. துணி அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தில் தரையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. உயரத்தில் வாசல் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினால் அதைவிட நல்ல பெட்டி கிடையாது. நின்றபடி சுவரில் தெறிக்கவிடும் பூனைக்கும் அந்த உயரமான பக்கங்களே போதும். மூடி போட்டால் வாடை நம் மூக்குக்கு வராது, உள்ளே போகும் பூனையின் மூக்கில்தான் ஏறும். வெளியே வரும்போது வாசலில் இன்னொரு பூனை மறித்துக் காத்திருந்தால் தப்பிக்கவும் வழியில்லை.

மணல்

பென்டோனைட் மணல் (ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் வகை) 5 முதல் 8 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். 40க்கு 50 செ.மீ. தட்டில் ஒரு 10 லிட்டர் பை சரியாக 5 செ.மீ. வரும், பெரிய பெட்டிக்கு இரண்டு பை. அந்தப் பையை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு தட்டுக்குப் பங்கு போட்டால் மூத்திரம் அடிவரை இறங்கி சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதைக் கரண்டியால் சுரண்டச் சுரண்ட பிளாஸ்டிக்கில் கீறல் விழும்; கீறலுக்குள் நுழைந்த வாடை எந்தச் சோப்புக்கும் போகாது.

சோயாச் சக்கையில் செய்த தோஃபு மணலுக்கு நம் ஊர் ஈரம் ஆகாது. மூன்று வாரம் மாற்றாமல் விட்டால் புளித்த வாடை வரும், பூஞ்சை பிடிக்கும், எறும்பும் மொய்க்கும். பிரித்த பையை அப்படியே மூலையில் சாய்த்து வைக்காமல், இறுக்கமாக மூடும் அரிசி டப்பா மாதிரி ஒன்றில் கொட்டி வையுங்கள். சிலிக்கா மணிகள் காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சுவதால் போட்ட கணக்கைவிட முன்னதாகவே நிறைந்துவிடும். மணிகள் மஞ்சளாகி, அடியில் ஈரம் தேங்கத் தொடங்கினால் மொத்தமும் மாற்ற வேண்டியதுதான்.

பைன் மரக்கட்டை மணலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஈரம் பட்ட கட்டை தூளாகி, சல்லடைத் தட்டு வழியாகக் கீழ்த்தட்டில் விழும். மேலே முழுக் கட்டைகள் சுத்தமாகத் தெரியும். மலத்தை மட்டும் பொறுக்கிவிட்டுப் போய்விடுவோம்; கீழே ஈரத் தூள் ஊறிக் கிடக்கும். பல பூனை உள்ள வீட்டில் கீழ்த்தட்டைத் தினமும் கொட்ட வேண்டும்.

லாவண்டர், எலுமிச்சை வாசனை போட்ட மணல் வாங்குபவருக்காகச் செய்தது. பல பூனைகள் அதில் கால் வைக்காது. எந்த மணலுக்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். பென்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டவே கூடாது. அது குழாய்க்குள் ஊதி இறுகும். கொண்டோவில் பல மாடிகளுக்கு ஒரே பொதுக் குழாய் என்பதால் சண்டை கீழ்வீட்டிலிருந்து வரும்.

அள்ளுவதும் கழுவுவதும்

காலையும் இரவும் அள்ளுங்கள். பூனை இறங்கிய நிமிஷமே கரண்டியோடு ஓட வேண்டாம்: கட்டி இறுக 15, 20 நிமிஷம் ஆகும், அதற்குள் தொட்டால் உடைந்து நல்ல மணலோடு கலந்துவிடும். கரண்டியைப் பெட்டியின் பக்கச் சுவரை ஒட்டி அடிவரை இறக்கி, கட்டியை முழுசாகத் தூக்குங்கள். அள்ளிய அளவுக்குப் புது மணல் சேருங்கள். மூன்று பூனை வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மொத்த மணலையும் கொட்டி, வாசனையில்லாத பாத்திரச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, வெயிலில் சுத்தமாகக் காயவைத்த பிறகே திரும்ப நிரப்புங்கள். நான்கையும் ஒரே நாளில் கழுவாமல் ஒன்றொன்றாகச் செய்தால் பூனைக்குத் தன் வாடை எங்காவது மிஞ்சியிருக்கும். வருஷம் ஒரு முறை பெட்டியையே மாற்றலாம்.

வீட்டில் கையோடு எடுக்கும் பொருள்களில்தான் ஆபத்து இருக்கிறது. பிளீச்சும் மூத்திர அமோனியாவும் சேர்ந்தால் குளோராமின் என்ற நச்சு வாயு எழும். சன்னலில்லாத குளியலறையில் இது விளையாட்டில்லை. தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகக் கலங்கும் ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பாதத்தில் பட்டதை அது நக்கும், நக்கினால் உடம்புக்குள் போய்விடும். மூலையில் போடும் அந்துருண்டையும் பூனைக்கு விஷம். ‘செராய் வாங்கி’ என்ற வாசனைப் புல் எண்ணெய் கலந்து தரை துடைப்பது நமக்குப் புத்துணர்ச்சி, பூனைக்கு அந்த நெடியே ‘இங்கே வராதே’ என்று சொல்வது மாதிரி. அந்த மூலையில்தான் பெட்டியும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பெட்டிக்கு வெளியே போய்விட்டால் முதலில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு வெறும் தண்ணீர், அதன்பின் மூத்திரக் கறையைச் சிதைக்கும் என்சைம் திரவம். டைல்ஸ் இடுக்கிலும் மெத்தையிலும் மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழத்துக்குத் திரவமும் ஊற வேண்டும். ஊற்றியதும் துடைத்துவிடாமல், போத்தலில் சொன்ன நேரம் விட்டுத் தானாகக் காயவிடுங்கள். முன்பே பிளீச் ஊற்றிய இடத்தில் என்சைம் வேலை செய்யாது. கறை எங்கே என்று தெரியவில்லை என்றால், விளக்கை அணைத்து புற ஊதா டார்ச் அடித்தால் பழைய மூத்திரம் மங்கலாக மின்னும்.

பூனை சொல்லும் சேதி

மூக்கைக் கறையில் தேய்ப்பதும் அடிப்பதும், ஆள் இல்லாத நேரத்தில் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொடுக்கும். சுவரில், வாலைத் தூக்கி நடுக்கி, நின்றபடி பீய்ச்சினால் அது எல்லை வகுப்பது. கருத்தடை செய்த கடுவன்களில் பெரும்பாலானவை இதை நிறுத்திவிடும். அள்ளும்போது கட்டிகளைக் கவனியுங்கள்: திடீரென்று பெரிய கட்டிகள் கூடினால் சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம், ஐம்பது காசு அளவில் சின்னச் சின்னதாகப் பல இருந்தால் மூத்திரப்பை அழற்சியாக இருக்கலாம். எந்தப் பூனை என்று கண்டுபிடிக்க, ஆளுக்கொரு அறையும் ஆளுக்கொரு பெட்டியும் கொடுத்து ஒரு நாள் பிரித்து வைத்தால் போதும்.

கடுவன் பெட்டிக்குப் போய்ப் போய் முக்குகிறது, சொட்டும் வரவில்லை, குறியை நக்குகிறது, கத்துகிறது என்றால் வழி அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். ஞாயிற்றுக்கிழமை இரவானாலும் திங்கள்வரை பார்க்காமல் 24 மணி நேர விலங்கு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கர்ப்பிணிகள் அள்ளும் வேலையை வேறு கைக்குக் கொடுப்பது நல்லது. மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாள் ஆகும் என்பதால், அள்ளுவதைத் தள்ளிப்போடாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

இத்தனையும் செய்து, பெட்டிகள் பளிச்சென்று இருந்தும் யார்டில் வாடை அடங்கவில்லையா? தரையில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். அதிகம் புழங்காத வடிகாலில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனால், கீழே உள்ள சாக்கடைக் காற்று நேராக வீட்டுக்குள் ஏறும். பூனை மேல் பழி விழும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிஷம் கழித்து மோந்து பாருங்கள்.